பழைய பியானோவை லாரியில் ஏற்றும் முன்: எப்படிக் கட்டுவது, உடைந்தால் யார் தருவார்?

கேள்வி: பெரம்பூரில் என் சித்தி வீட்டில் இருக்கும் பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் வகை) பியானோ ஒன்றும், தாத்தாவின் கால் ஆர்மோனியமும் கோவையில் என் வீட்டுக்கு வர வேண்டும். பியானோ இங்கிலாந்தில் செய்தது, 90 வயதுக்கு மேல் இருக்கும். எடை 250 கிலோ, மதிப்பு இரண்டரை லட்சம் என்று டியூனர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பார்சல் சர்வீஸில் 9,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆனால் ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (சேதமானால் உரிமையாளர் பொறுப்பு) முத்திரை போடுவார்களாம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தனி வண்டிக்கு 26,000 ரூபாயும், அதற்கு மேல் பொருளின் மதிப்பில் 3 சதவீதம் ‘இன்சூரன்ஸ்’ என்றும் கேட்கிறார்கள். ரயிலில் போட்டுவிடு என்கிறார் மாமா. எதில் அனுப்புவது, எப்படிக் கட்டுவது, உடைந்தால் யார் பணம் தருவார்கள்? — ஒரு கோவை வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கட்டும் முறைக்கு முன்னால் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எதில் அனுப்புவது என்பதை அதுதான் முடிவு செய்யும். பொருள் உடைந்த பிறகு எவ்வளவு கிடைக்கும் என்பது உடைந்த அன்று தீர்மானமாவதில்லை. புக்கிங் கவுன்டரில் நீங்கள் நிரப்பும் தாளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அந்தத் தாளை யாரும் நின்று படிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

சாலை வழியாகச் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் பொருந்தும். 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2011 மார்ச் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. பார்சல் சர்வீஸ், புக்கிங் ஏஜென்ட், லாரி புரோக்கர், வீட்டுக்கு வீடு கொண்டுவரும் கூரியர் எல்லாரும் இதற்குள் அடக்கம். ‘லாரி எங்களுடையது இல்லை, வெளியில் எடுத்தது’ என்று பின்னால் கைகழுவ முடியாது. சேதத்துக்கு நீங்கள் பணம் கேட்கும்போது, லோடுமேன் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கும் வேலையும் உங்களுக்கு இல்லை. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசின் தடை உத்தரவு ஆகிய காரணங்களைத் தவிர மற்ற எதனால் சேதம் வந்தாலும் ஏற்றியவர் பொறுப்பு.

இவ்வளவு தூரம் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. தொகை என்று வரும்போதுதான் சிக்கல். ஏற்றுகிறவர் அதிகப் பொறுப்பை ஏற்க வாங்கும் கூடுதல் ரிஸ்க் கட்டணத்தைக் கட்டாத சரக்குக்கு, பொறுப்பு வாடகையின் 10 மடங்கோடு நின்றுவிடும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் விதிகள். அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பார்சல் சர்வீஸில் 9,000 ரூபாய் வாடகை என்றால் உச்ச வரம்பு 90,000 ரூபாய். இரண்டரை லட்சம் ரூபாய்ப் பியானோ முழுசாக நொறுங்கினாலும் அவ்வளவுதான். 26,000 ரூபாய் வண்டியில் பத்து மடங்கு 2,60,000 ஆகிறது; பியானோவின் மதிப்பு முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. மலிவான வாடகையில் நீங்கள் மிச்சம் பிடிப்பது 17,000 ரூபாய், விட்டுக்கொடுக்கும் பாதுகாப்பு 1,60,000 ரூபாய்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேக்கர்ஸ் பில்லில் ‘வாடகை 12,000, பேக்கிங் 8,000, ஏற்று இறக்குக் கூலி 6,000’ என்று பிரித்துப் போட்டால், பத்து மடங்கை 12,000-க்கு மட்டும் கணக்கிட்டு, வரம்பு 1,20,000 என்று வாதாடுவார்கள். மொத்தத் தொகையையும் வாடகை என்று ஒரே வரியில் போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் கூடுதல் ரிஸ்க் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதைக் கட்டி, ரசீதில் ‘கேரியர்ஸ் ரிஸ்க்’ (ஏற்றுகிறவர் பொறுப்பு) என்று எழுதி வாங்குங்கள். அப்போது பத்து மடங்கு வரம்பு பொருந்தாது.

மாமா சொல்லும் ரயில் உங்கள் பொருளுக்கு ஆகாது. மதிப்பு அறிவிக்காமல் பார்சலாகப் போட்டால் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய்தான். கட்டி முடித்த எடை 320 கிலோ என்று வைத்துக்கொண்டால் 16,000 ரூபாய். மதிப்பை அறிவித்து அதற்கான சதவீதக் கட்டணம் கட்டினால் இந்த வரம்பு உயரும். ஆனால் கோவையைத் தாண்டிப் போகும் ரயில் என்றால், அது நிற்கும் சில நிமிடங்களுக்குள் பார்சல் பெட்டியிலிருந்து 320 கிலோவை நாலு பேர் பிளாட்பாரத்தில் இறக்க வேண்டியிருக்கும். பியானோ மேல் அக்கறை உள்ள எவரும் அந்த இறக்கத்துக்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

‘ஓனர்ஸ் ரிஸ்க்’ முத்திரையைக் கண்டு முழுதாகப் பயப்படவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். அப்படி எழுதியிருந்தாலும், கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கு லாரிக்காரர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2000-இல், பழைய சட்டத்தின் கீழேயே, உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நீதிமன்றம் 1996-இல், அனுப்பியவர் கையெழுத்திட்ட கூரியர் சீட்டில் அச்சிட்டிருந்த 100 டாலர் வரம்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. நீங்கள் கையெழுத்துப் போடும் வாசகத்துக்கு எடை உண்டு. முத்திரை குத்திய ரசீதை நீட்டினால், அந்த வரியை அடித்து இரண்டு தரப்பும் சுருக்கொப்பம் இட்ட பிறகு பொருளை ஒப்படையுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொரு ஆபத்து, தெரிந்த டிரைவரிடம் வாயால் பேசி வண்டி எடுப்பது. எல்.ஆர். என்கிற சரக்கு ரசீது இல்லை என்றால், அவர் எல்லாருக்கும் பொதுவாகச் சரக்கு ஏற்றுகிறவர் என்று காட்டவே சிரமப்படுவீர்கள். மேலே சொன்ன சாதகங்கள் கைநழுவி, கவனக்குறைவு யாருடையது என்ற தகராறில் போய் நிற்கும். எல்.ஆர். இல்லாமல் ஒரு பொருளும் வாசல்படியைத் தாண்டக் கூடாது. அதற்கு முன், சரக்கு அனுப்பும் படிவத்தில் பியானோவுக்கும் ஆர்மோனியத்துக்கும் தனித்தனி வரியில் பெயர், உறுதியாய்த் தெரிந்தால் தயாரிப்பு எண், எடை, மதிப்பு எழுதுங்கள். ‘வீட்டுச் சாமான், 2 உருப்படி’ என்று எழுதினால் இழப்பீடும் வீட்டுச் சாமான் கணக்கில்தான் வரும். புழங்கிய வீட்டுப் பொருளுக்கு இ-வே பில் என்கிற ஜி.எஸ்.டி. சரக்குச் சீட்டு தேவையில்லை. ‘சொந்த உபயோகத்துக்கு, விற்பனைக்கல்ல’ என்ற கடிதமும் அடையாள அட்டை நகலும் டிரைவரிடம் இருந்தால் போதும்.

அந்த 3 சதவீதம் என்ன?

3 சதவீதம் என்றால் 7,500 ரூபாய். கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காப்பீட்டு நிறுவனத்தின் சான்றிதழ் என் பெயரில் வருமா? வராது என்றால் அது காப்பீடே அல்ல. மூவர்ஸ் தாமே ஏற்பதாகச் சொல்லும் வாய்மொழிப் பொறுப்புக்கு வாங்கும் கட்டணம். உடைந்த பிறகு ‘கிளெய்ம் போட்டிருக்கிறோம்’ என்று மாதக்கணக்கில் இழுப்பது இந்த வகையில்தான்.

உண்மையான காப்பீடு, உள்நாட்டுச் சரக்குப் பயணத்துக்கான மரைன் பாலிசி. கடல் இல்லாவிட்டாலும் பெயர் அதுதான். அதில் ஏ, பி, சி என்று மூன்று வகை விதிகள் உண்டு. சி என்பது தீயும் மின்னலும் மட்டும். பி-யில் வண்டி மோதல், கவிழ்தல், பாலம் உடைதல் போன்றவை சேரும். பியானோ பெரும்பாலும் உடைவது நெடுஞ்சாலையில் இல்லை, வாசலில். இறக்கும்போது சாய்ந்து, மூலை தரையில் மோதி. இது பி-யில் வராது. ஏ வகை மட்டுமே எல்லா விபத்துச் சேதத்தையும் ஏற்கும். பழைய பொருள் என்றதும் சில நிறுவனங்கள் பி மட்டும் தருவோம் என்பார்கள். ஏ தந்தாலும் கீறல், நசுங்கல், உள் இயந்திரக் கோளாறு நீங்கலாக என்று ஒரு வரி சேர்ப்பார்கள். பியானோவின் ஆக்ஷனே, அதாவது கட்டையை அழுத்தினால் கம்பியை அடிக்க வைக்கும் அமைப்பே, உள் இயந்திரம்தான். வெளியில் அடிபட்டதன் விளைவாக உள்ளே உடைந்தால் அது சேர்த்தி என்று ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். ஏற்றுதல், இறக்குதல் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். தொகையை ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்று போடச் சொல்லி, டியூனரின் கடிதத்தை இணையுங்கள். இல்லாவிட்டால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து 90 வருடத் தேய்மானம் கழிப்பார்.

காப்பீட்டுக்காரரும் லாரிக்காரரும் ஒரே இரண்டு கதவுகள் வழியாகத்தான் வெளியேறப் பார்ப்பார்கள். ஒன்று, ‘கட்டு போதாது’. மற்றது, ‘பழைய சாமான், தானாக விட்டுப்போயிருக்கிறது’. இனி வருவதெல்லாம் இந்த இரண்டையும் அடைப்பதற்காக.

புறப்படும் முன்

டியூனரை ஒருமுறை வரச் சொல்லி நிலைச்சான்று எழுதி வாங்குங்கள். வார்ப்பிரும்புச் சட்டத்தில் விரிசல் இல்லை, ஒலிப்பலகையில் எந்த விரிசல் ஏற்கெனவே இருக்கிறது, எத்தனை கட்டை ஒலிக்கவில்லை, மிதிகள் இரண்டும் வேலை செய்கின்றனவா என்று வரி வரியாக. பிறகு செல்போனில் ஒரு வீடியோ: இடது கோடிக் கட்டையில் தொடங்கி வலது கோடி வரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். 85-ஓ 88-ஓ, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கோவையில் அதே வீடியோவை மறுபடி எடுத்தால், எந்தெந்த ஹாமர் (கம்பியை அடிக்கும் சிறு சுத்தியல்) வழியில் உடைந்தது என்பதில் தகராறுக்கு இடமில்லை. இதைவிட வலுவான சாட்சி வேறு கிடையாது.

அந்த வருகையிலேயே பிரைடில் டேப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஹாமரையும் அதன் கீழுள்ள நெம்புகோலோடு இணைக்கும் சிறிய துணிப்பட்டை அது, ஒரு கட்டைக்கு ஒன்று. 90 வருடத்தில் இற்றுப்போய்த் தொட்டாலே பொடியாகும். பெட்டி சாயும்போது பட்டை அறுந்தால் நெம்புகோல்கள் கீழே தொங்கி ஒன்றோடொன்று சிக்கும். பிறகு யாராவது கட்டையை அழுத்திப் பார்த்தால் மெல்லிய மரக்குச்சிகள் முறியும். பட்டைகள் மோசம் என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். புதிய பட்டைகளுக்கான பில், ‘தானாக விட்டுப்போனது’ என்ற வாதத்துக்கு நேரடிப் பதில். கீழ்ப்பலகைக்குள் மிதிகளிலிருந்து மேலே போகும் மரத் தண்டுகளையும் பாருங்கள். வெறுமனே செருகி நிற்பவை அவை. குலுங்கினால் கழன்று உள்ளே உருளும். கழற்றி, எது எங்கே என்று சீட்டு ஒட்டித் தனியாகக் கட்டுவது நல்லது.

வெள்ளைக் கட்டைகளின் மேல்தகடு யானைத் தந்தமா என்பதையும் கேளுங்கள். அந்தக் கால இங்கிலாந்துப் பியானோக்களில் அது சகஜம். கருப்புக் கட்டை தொடங்கும் இடத்துக்கு நேராகக் குறுக்கே மயிரிழை போல ஓர் இணைப்பு தெரிந்தால், தகடு இரண்டு துண்டாக ஒட்டியது. தந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தந்தத்தின் விற்பனையைத் தடுக்கிறது, கைமாறுவதையும் கட்டுப்படுத்துகிறது. தந்தம் என்று தெரிந்தால், வண்டி பேசுவதற்கு முன் சென்னையில் வனத்துறைக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுவது

பியானோவின் எடை சமமாகப் பரவியதில்லை. கம்பிகளின் மொத்த இழுவை 15 முதல் 20 டன் வரை இருக்கும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் முழுவதும் பின்பக்கம். பெட்டி பின்னால் சாயத் துடிக்கும், ஆனால் பிடிக்கிறவர்கள் முன்பக்கம்தான் நிற்பார்கள். விழும் பியானோக்கள் மல்லாக்க விழுவது இதனால்தான். முன்புறக் கால்கள் இரண்டும் பெரும்பாலும் அலங்காரத்துக்கு, சக்கரங்கள் அறைக்குள் நாலு விரல் நகர்த்துவதற்கு. சக்கரத்தில் உருட்டி வாசல்படி இறக்கினால் காலும் அதன் அடிக்கட்டையும் பெயர்ந்து வரும்.

மேல் பலகை, கீழ்ப் பலகை, நோட்டுத் தாங்கி மூன்றையும் கழற்றித் தனித்தனியாகத் துணி சுற்றுங்கள். கட்டைகளின் மேல் நீளமாக ஒரு துணி விரித்து மூடியைப் பூட்டி, சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாமர்கள் ஆடாமல் இருக்க, அவற்றின் வரிசைக்கு முன்னால் மென்மையான துணியை மடித்துச் செருகினால் போதும். நூலால் இறுக்கிக் கட்டினால் பழைய தண்டுகள் முறியும்.

பழைய இங்கிலாந்துப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ஷெல்லாக் பாலிஷ். அரக்கிலிருந்து செய்வது, சூட்டில் இளகும். மூடிய வண்டியில் வெயில் ஏறும்போது, மேலே நேரடியாகச் சுற்றிய பிளாஸ்டிக் ஒட்டி அதன் சுருக்கம் அப்படியே பாலிஷில் பதிந்துவிடும். பபிள் ராப் என்றால் குமிழ்கள் வட்டம் வட்டமாகப் பதியும். மூவர்ஸ் ஆட்கள் வந்ததும் முதலில் எடுப்பது அந்தச் சுருளைத்தான், தடுத்து நிறுத்துங்கள். முதல் அடுக்கு துவைத்த பருத்தி வேட்டி அல்லது போர்வை, இரண்டு. அதன் மேல் தடித்த கம்பளி அல்லது மெத்தை விரிப்பு ஆறு, மூலைகளில் இரட்டையாக. அதன் மேல் 5 அடுக்கு அட்டை. கடைசியாகத்தான் ஸ்ட்ரெச் ஃபிலிம், அதுவும் கட்டு நழுவாமல் பிடிக்கும் அளவுக்கு மட்டும். அடியில் திறந்திருக்கட்டும். முழுக்க மூடினால் சென்னைக் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்து, வஜ்ஜிரப் பசையால் ஒட்டிய இணைப்புகளை இளக்கும்.

அடியில் ஒரு பலகைத் தளம் வேண்டும். உங்கள் பியானோ ஏறக்குறைய 150-க்கு 65 சென்டிமீட்டர் இருக்கும், அளந்து சரிபாருங்கள். தளம் 165-க்கு 80. 18 மில்லிமீட்டர் பிளைவுட், அதன் கீழ் 100-க்கு 75 மில்லிமீட்டர் மரச்சட்டம் மூன்று. பியானோவின் அடிச்சட்டத்துக்கு நேரே தளத்தின் மேல் மரத்துண்டுகள் வைத்து, சக்கரங்கள் 10 மில்லிமீட்டராவது அந்தரத்தில் நிற்கும்படி உயர்த்துங்கள். எடை சக்கரத்தின் மேல் இறங்கவே கூடாது. பிறகு 50 மில்லிமீட்டர் அகல ராட்செட் பெல்ட் இரண்டு, பெட்டியின் உடம்பைச் சுற்றித் தளத்தோடு. பெல்ட் போகும் ஒவ்வொரு விளிம்பிலும் தடித்த ஃபோம் துண்டு.

முழு மரப்பெட்டி அடிக்க வேண்டுமா என்று மூவர்ஸ் கேட்பார்கள். தனி வண்டிக்கு வேண்டாம். அது இன்னொரு 60, 70 கிலோ சேர்க்கும். ஆட்கள் பிடி கிடைக்காமல் தடுமாறுவார்கள். குடோன் மாறி குடோன் இறங்கும் பார்சலுக்கும் கப்பலுக்கும்தான் அது தேவை. கட்டின் ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்து, ‘இந்தக் கட்டு போதுமானது’ என்று மூவர்ஸிடம் எல்.ஆர்.-இலோ ஈமெயிலிலோ ஒரு வரி வாங்குங்கள். கட்டியவரே ஒப்புக்கொண்ட பிறகு ‘கட்டு போதாது’ என்று அவர் சொல்ல முடியாது. வெளியே இரண்டு பக்கத்தில் அதிர்வு காட்டும் ஸ்டிக்கரும் சாய்வு காட்டும் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். ஆன்லைனில் கிடைக்கும். அளவு மீறி அடிபட்டால் நடுக் குழாய் சிவப்பாகும். ஒட்டியபோது அது வெள்ளையாக இருந்ததைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

கால் ஆர்மோனியம் எடையில் சிறியது, ஆனால் சீக்கிரம் கெடுவது. துருத்தியை முழுக்க மூடி, அகலமான பருத்தி நாடாவால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். கயிறு மடிப்புத் தோலை அறுக்கும். ஸ்டாப் குமிழ்களை எல்லாம் உள்ளே தள்ளி அடைத்துவிடுங்கள். திறந்திருந்தால் வழித் தூசி ஒலி எழுப்பும் ரீடுக்குள் போய் அதன் உலோக நாக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மயிரளவு தூசி போதும், அந்தச் சுரம் ஊமையாகிவிடும். மிதி, கால் சட்டங்களை மடித்துத் தனியாகச் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் பெட்டியாக, நடுவில் 5 சென்டிமீட்டர் ஃபோமோடு வையுங்கள். மிச்சமிருக்கும் இடம் என்று பியானோவின் தலைமேல் ஏற்ற விடாதீர்கள்.

ஏற்றுவது

தரைத்தளம் என்றால் நாலு பேர், படிக்கட்டு என்றால் ஆறு பேர். கீழ்ப்படியில் பாரத்துக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. வண்டி மூடிய பாடியுள்ள சிறிய வண்டியாக இருக்கட்டும். பெரிய லாரியில் இந்த 350 கிலோ மட்டும் என்றால், காலி லாரி போலவே ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடும். பியானோவின் முதுகு டிரைவர் கேபின் சுவரைப் பார்த்து, அதை ஒட்டி நிற்க வேண்டும். பின் சக்கர அச்சுக்குப் பின்னால்தான் குலுக்கல் மிக மோசம். இரண்டு பெல்ட் பக்கச் சுவரின் வளையங்களோடு, ஒன்று இடுப்பு உயரத்தில், ஒன்று அதற்கு மேல். மாலையில் கிளம்பினால் 500 கிலோமீட்டரை இரவின் குளிர்ச்சியில் கடந்து காலை வெளிச்சத்தில் இறக்கலாம். வழியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது, வேறு வண்டிக்கு மாற்றக் கூடாது என்று எல்.ஆர்.-இல் எழுதச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்க்க முடிந்தால் நல்லது.

வாங்கும்போது

டெலிவரி நேரத்தில் ஆட்களுக்கு அவசரம் இருக்கும், கையெழுத்துக் கேட்டு நெருக்குவார்கள். வண்டிக் கதவு திறந்ததும், ஒரு பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல், உள்ளே இருக்கும் நிலையைப் போட்டோ எடுங்கள். ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று அச்சிட்ட வரியின் கீழ் வெறும் கையெழுத்துப் போடாதீர்கள். சேதம் கண்ணில் பட்டால் இப்படி எழுதுங்கள்: ‘இடது முன் மூலையில் கட்டு கிழிந்துள்ளது. அதிர்வு ஸ்டிக்கர் சிவப்பு. உள்பகுதி பரிசோதிக்கப்படவில்லை. இழப்பீடு கோரும் உரிமையோடு பெறுகிறேன்.’ டிரைவரிடமும் கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். சேதம் எதுவும் தெரியாவிட்டாலும் ‘உள்பகுதி பரிசோதிக்கப்படவில்லை’ என்ற வாக்கியம் இருக்கட்டும்.

உடைந்திருந்தால் எதையும் பழுது பார்க்காதீர்கள். கட்டிய துணி, அட்டை, தளம் எதையும் எறியாதீர்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி சர்வேயரைக் கேளுங்கள். அன்றே லாரிக்காரருக்கும் எழுதுங்கள்: எல்.ஆர். எண், புக்கிங் தேதி, சேதத்தின் விவரம், ‘இதற்காக இத்தனை ரூபாய் கோருகிறேன்’ என்று தொகை. ஈமெயிலோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். காப்பீடு இருக்கிறதே என்று இந்தக் கடிதத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த பணத்தை லாரிக்காரரிடமிருந்து வசூலிக்க அந்தக் கடிதம்தான் ஆதாரம். அது இல்லை என்றால் உங்கள் தொகையில் கை வைப்பார்கள்.

சட்டப்படி லாரிக்காரருக்கான எழுத்து நோட்டீஸ், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போய்ச்சேர வேண்டும். டெலிவரி நாளிலிருந்து என்று நினைத்துக் கோட்டை விடாதீர்கள். நோட்டீஸ் இல்லாமல் சிவில் வழக்கும் நிற்காது, நுகர்வோர் ஆணையத்திலும் தடுமாறும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம். ரசீதில் வேறு ஊர் நீதிமன்றம் என்று அச்சிட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த வாடகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் நீங்களே பதியலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தால் சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வரும்.

இழப்பீட்டுத் தொகைக்கு இரண்டு டெக்னீஷியன்களிடம் பழுதுச் செலவு மதிப்பீடு வாங்குங்கள். ஹாமர் தண்டுகள், கால், மேல்தோல் மரம் போன்றவை சரி செய்யக்கூடியவை. வார்ப்பிரும்புச் சட்டம் விரிசல் விட்டிருந்தால் மட்டும் முழு மதிப்பையும் கேளுங்கள். அத்தனை டன் இழுவை தாங்கும் இரும்பை ஒட்டவைத்து மறுபடி சுருதி ஏற்ற எந்த நல்ல டெக்னீஷியனும் துணிய மாட்டார். தாத்தாவின் நினைவுக்குச் சர்வேயர் தாளில் கட்டம் கிடையாது. மன உளைச்சலுக்கான தொகையை ஆணையத்தில் தனியாகக் கேட்கலாம்.

எல்லாம் நல்லபடியாக வந்து சேர்ந்தாலும் முதல் மூன்று நாளுக்குள் டெக்னீஷியன் ஒருமுறை திறந்து பார்த்து எழுதித் தரட்டும். சுருதி சேர்ப்பதை மட்டும் நாலு வாரம் தள்ளிப்போடுங்கள். கடலோரக் காற்றில் ஊறிய மரம் கோவைக் காற்றுக்கு உலர்ந்து அடங்க அவ்வளவு நாள் ஆகும். அவசரப்பட்டு ஏற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி இறங்கியிருக்கும். அதுவரை ஜன்னலை ஒட்டியோ ஏசி காற்று நேராகப் படும் இடத்திலோ வைக்காமல் உள்சுவர் ஓரமாக நிறுத்துங்கள்.